சீலிங் இன்சுலேஷன் போடுகிறீர்களா? மீதிப் பணம் கொடுக்கும் முன் மேலே ஏறிப் பாருங்கள்

ஜோகன்னஸ்பர்க்கில் வீட்டுக்குள்ளேயே பேசினால் வாயில் புகை வரும் என்று மதுரையில் யாரிடம் சொன்னாலும் சிரிக்கிறார்கள். 1,700 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கிற ஊர் இது. ஜூன், ஜூலை இரவுகளில் வெளியே பூஜ்ஜியம் வரைக்கும் இறங்கும். இதன் புறநகரான லெனேசியாவில் நாங்கள் வாங்கியது 1960களில் கட்டிய வீடு. இரும்புச் சட்ட ஜன்னல்கள், சீலிங் பலகை, அதற்கு மேலே தகரக் கூரை. நடுவில் ஒன்றும் கிடையாது.

தெரிந்தவர் மூலமாக ஒரு கான்ட்ராக்டர் வந்தார். வாய்க்கு வாய் 'அங்கிள்'. கொட்டேஷனில் இரண்டே வரி: காற்று புகும் இடுக்குகளை அடைப்பது, 110 சதுர மீட்டருக்கும் 135 மில்லிமீட்டர் கிளாஸ் வூல் (சூடு வெளியே போகாமல் தடுக்கிற கண்ணாடி இழைப் பஞ்சு) போடுவது. மொத்தம் 26,000 ரேண்ட், அட்வான்ஸ் 15,600. நான் வேலைக்குப் போயிருந்த நாளில் மூன்று பேர் வந்து மூன்று மணி நேரத்தில் முடித்துவிட்டுப் போய்விட்டார்கள். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். சாயங்காலம் ஏணி போட்டு, சீலிங் கதவைத் தள்ளி, தலையை மட்டும் நுழைத்து போன் டார்ச்சை அடித்தேன். மெத்தை மாதிரி உப்பலாக இருந்தது. சந்தோஷமாக மிச்சம் 10,400-ஐயும் அனுப்பிவிட்டேன்.

குளிர் கொஞ்சமும் குறையவில்லை. அது போகட்டும். கரன்ட் கட் காலத்தில் வாங்கிய கேஸ் ஹீட்டரை ராத்திரி ஹாலில் போடுவோம். இரண்டு வாரமாக என் மனைவிக்குத் தலைவலி. எனக்கும் காலையில் எழுந்தால் தலை கனம். சளி என்று நினைத்துக் கஷாயம் குடித்துக்கொண்டிருந்தோம். பக்கத்து வீட்டு ஆன்ட்டி வந்தவர், சுவரை அண்ணாந்து பார்த்து, "ஏர்பிரிக் எங்கே போச்சு?" என்று கேட்டார். சுவரில் மேலே ஓட்டை ஓட்டையாக இருக்குமே, அந்தச் செங்கல். எல்லா அறையிலும் அதற்குள் ஃபோமை அடித்து, மேலே வெள்ளை பெயின்டும் பூசியிருந்தார்கள். இதுதான் அவர்களுடைய 'இடுக்கு அடைப்பு'.

கேஸ் ஹீட்டர் எரிகிற அறையில் காற்று வந்து போக வழி இல்லை என்றால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு வாசனை கிடையாது, நிறம் கிடையாது. பணம் போனதுகூட எனக்குப் பெரிதில்லை. இதை நினைத்தால்தான் இன்னமும் கை நடுங்குகிறது.

அப்புறம் கீசர் பார்க்க வந்த பிளம்பர் சீலிங்குக்குள் தவழ்ந்து போனவர், "சார், இங்கே ஒன்றுமே இல்லையே" என்று கத்தினார். இந்தத் தடவை நானும் முழுசாக ஏறினேன். கதவைச் சுற்றி ஒன்றரை மீட்டருக்கு மட்டும் இரண்டடுக்கு. அதாவது, தலை நீட்டினால் கண்ணுக்கு எட்டுகிற தூரம். அதைத் தாண்டினால் படுக்கையறைகளுக்கு மேல் ஒற்றை அடுக்கு; ஸ்கேலை நுழைத்துப் பார்த்தேன், 50 மில்லிமீட்டர்கூட முழுசாக இல்லை. சமையலறைக்கு மேல் வெறும் பலகையும் தூசியும். சீலிங்கில் பதித்த, நன்றாகச் சூடேறுகிற பழைய ஹாலோஜன் டவுன்லைட் ஒன்றின் தலை மேலேயே ஒரு துண்டைப் போட்டு மூடியிருந்தார்கள். ஒயர் உறை பழுப்பேறி, விரலால் தொட்டதும் உதிர்ந்தது. குழாய்களும் ஒயர்களும் மேலே ஏறுகிற ஓட்டைகள் எல்லாம் அப்படியே திறந்து கிடந்தன.

உண்மையில் அடைக்க வேண்டியவை அந்த ஓட்டைகள்தான். சூடான காற்று மேலே ஏறி அந்த வழியாகப் போய்விடும். அதற்குப் பதிலாகக் கதவு, ஜன்னல் இடுக்கு வழியாகக் குளிர்காற்று உள்ளே வரும். கிளாஸ் வூல் காற்றைத் தடுக்காது. ஸ்வெட்டரோடு பைக்கில் போனால் நெஞ்சில் குளிர் குத்துமே, அந்தக் கதைதான். அதனால் முதலில் ஓட்டை, பிறகுதான் பஞ்சு. காற்றடிக்கிற நாளில் ஊதுவத்தி ஏற்றி சீலிங் கதவின் ஓரம், ஜன்னல் சட்டம், கதவின் அடி என்று காட்டிக்கொண்டே போங்கள். புகை எங்கே வளைகிறதோ அங்கே வேலை இருக்கிறது. ஏர்பிரிக்கில் மட்டும் கை வைக்க விடாதீர்கள்.

தடிமன் ஏன் முக்கியம் என்றால், 135 மில்லிமீட்டர் கிளாஸ் வூல் தருகிற ஆர்-வேல்யூ (சூட்டைத் தடுக்கிற திறனின் அளவு) சுமார் 3.4, 50 மில்லிமீட்டர் என்றால் 1.25தான். 2011இல் வந்த கட்டட விதி ஜோகன்னஸ்பர்க்கில் கட்டும் புது வீட்டுக் கூரைக்கு மொத்தம் 3.7 கேட்டது. வந்து இறங்குகிற பைகளின் லேபிளைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், எண்ணிக்கையையும் குறித்துக்கொள்ளுங்கள். மேலே நான்கு மூலையிலும் ஸ்கேல் வைத்து எடுத்த படம் கைக்கு வராமல் மீதியைக் கொடுக்காதீர்கள். ஏற முடியாதவர்கள் வேறு யாரையாவது ஏற்றுங்கள், வேலை செய்தவரை அல்ல.

கான்ட்ராக்டர் இப்போது போன் எடுப்பதில்லை. பதினான்கு நாள் கெடு கொடுத்துக் கடிதம் அனுப்பினேன், பதில் இல்லை. சின்னத் தொகை வழக்குகளைப் பார்க்கிற ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட்டில் போட்டிருக்கிறேன். வக்கீல் வைக்க முடியாது, நாமேதான் பேச வேண்டும். அங்கே உச்சவரம்பு 20,000 ரேண்ட் என்பதால் 6,000-ஐ விட்டுக்கொடுத்துத்தான் போட முடிந்தது. அடுத்த மாதம் விசாரணை. ஏர்பிரிக்குகளிலிருந்து கத்தியால் சுரண்டி எடுத்த ஃபோமை ஒரு அரிசிப் பையில் கட்டி வைத்திருக்கிறேன், எடுத்துக்கொண்டு போக.