படம் அருமை, ஆனால் அந்த ஒரு சாக்கெட்!

தள்ளுபடி விற்பனையில் எங்கள் 43 அங்குல டிவியின் விலை நன்றாக இறங்கியிருக்கிறது. வாங்கலாமா என்று சித்தி மகன் கேட்கிறான். படத்தைப் பற்றி அவன் கவலைப்படவே வேண்டாம். இருட்டுக் காட்சியிலும் முகம் தெளிவாகத் தெரிகிறது, கிரிக்கெட் பந்து வால் முளைக்காமல் ஓடுகிறது. என் கோபமெல்லாம், படத்தையும் ஒலியையும் ஒரே கேபிளில் கடத்தும் எச்.டி.எம்.ஐ. சாக்கெட் பின்பக்கம் ஒன்று இருக்கிறதே, அதன் மேல்தான்.

இந்த மாடலில் மூன்று சாக்கெட்டுகள். இரண்டு பக்கவாட்டில் இருக்கின்றன. மூன்றாவது நேராகச் சுவரைப் பார்க்கிறது. டிவியின் ஒலியை எச்.டி.எம்.ஐ. கேபிள் வழியாகவே சவுண்ட்பாருக்கு (டிவியோடு வைக்கும் நீள ஒலிபெருக்கி) அனுப்பும் ஏ.ஆர்.சி. வசதியை அந்த மூன்றாவதில் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். 2009இல் எச்.டி.எம்.ஐ. 1.4 தரத்தோடு வந்த வசதி இது. இன்றும் பல டிவிகளில் ஒரே ஒரு சாக்கெட்டுக்குத்தான் அதைத் தருகிறார்கள். நிறுவனத்தின் ஆளே வந்து, அவர்கள் தந்த ஸ்டாண்டில் சுவரில் மாட்டிவிட்டுப் போனார். டிவிக்கும் சுவருக்கும் நடுவே விரல்தான் நுழையும். கேபிள் வெளியே வந்த கையோடு மடங்கியாக வேண்டும்.

செட்டாப் பாக்ஸுக்கு வரும் கேபிளை மரையில் திருகி முடுக்குகிறோம். பழைய மானிட்டர் கேபிளுக்கு இருபுறமும் திருகு இருந்தது. எச்.டி.எம்.ஐ.க்கு அப்படி எதுவும் கிடையாது. 14 மில்லிமீட்டர்கூட அகலமில்லாத தலைக்குள் 19 முனைகள் இருக்கின்றன. பிடிமானம் என்று பார்த்தால் உலோக உறையின் இறுக்கம் மட்டும்தான். தடித்த கேபிள் மடங்கித் தொங்கும்போது அதன் இழுப்பு முழுவதையும் சாக்கெட்தான் தாங்க வேண்டும்.

முதலில் ஒலி விட்டுவிட்டு வந்தது, பிறகு அடியோடு நின்றது. கேபிளை மாற்றியும் பயனில்லை. டிவியை இறக்கி டார்ச் அடித்துப் பார்த்தால், முனைகளைத் தாங்கும் கறுப்பு பிளாஸ்டிக் நாக்கு ஒரு பக்கம் விரிசல் விட்டுச் சாய்ந்திருந்தது.

சர்வீஸ் ஆள் வந்து பார்த்தார். உடைந்ததற்கு வாரண்டி கிடையாது, மெயின் போர்டையே மாற்ற வேண்டும் என்றார். அவர் சொன்ன தொகை டிவி விலையில் ஏறத்தாழப் பாதி! "பக்கத்துச் சாக்கெட்டில் போட்டுக்கொள்ளுங்களேன் சார்" என்று யோசனை வேறு. அதில் ஏ.ஆர்.சி. இல்லையே, டிவியின் ஒலி சவுண்ட்பாருக்கு எப்படிப் போகும்? ஒலியை மட்டும் கடத்தும் ஆப்டிகல் கேபிள் போட்டால் ஒலி வரும். ஆனால் எங்கள் சவுண்ட்பார் அப்போது டிவி ரிமோட்டுக்குக் கட்டுப்படாது. அம்மாவுக்கு இரண்டு ரிமோட் ஒத்துவராது. 2022 டிசம்பரில் மத்திய அரசு 'பழுதுபார்க்கும் உரிமை'க்கென்று ஓர் இணையதளமே தொடங்கியது. வீட்டு வாசலில் நமக்குக் கிடைப்பதோ "போர்டை மாற்றுங்கள்" என்ற ஒரே பதில்.

கடைசியில் எங்கள் பகுதி மெக்கானிக்தான் கைகொடுத்தார். சென்னையின் மின்னணுச் சந்தையான ரிச்சி தெருவிலிருந்து புது சாக்கெட்டை வரவழைத்தார். போர்டை உருப்பெருக்கி விளக்கின் கீழ் வைத்து, சுற்றியிருந்த பொடி உதிரிகளின் மேல் சூடு தாங்கும் மஞ்சள் டேப்பை ஒட்டினார். சூட்டுக்காற்றை வட்டமாகக் காட்டிக்கொண்டே இருந்தார். ஈயம் பளபளத்து இளகிய கணத்தில் பழைய சாக்கெட் இடுக்கியோடு எழுந்து வந்தது. முனைக்கு முனை அரை மில்லிமீட்டர்தான் இடைவெளி. புதியதைப் பற்றவைத்த பிறகு, எங்காவது ஈயம் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று மீட்டர் வைத்து ஒவ்வொன்றாகச் சோதித்தார். கேட்ட கூலி, நிறுவனம் சொன்ன தொகைக்குப் பக்கத்தில்கூட வராது. அந்தக் கைக்கு இன்னும் கூடக் கொடுக்கலாம்.

அவர் சொன்னபடி எல் வடிவ இணைப்பான் ஒன்றை வாங்கிப் பொருத்தி, கேபிளை ஸ்டாண்டோடு சேர்த்துக் கட்டிவிட்டேன். இப்போது ஒலி ஒழுங்காக வருகிறது. இந்த விலைக்கு இப்படி ஒரு படம் வேறெந்த டிவியிலும் நான் பார்க்கவில்லை. எங்கள் டிவியை யாருக்கும் கொடுக்கப் போவதுமில்லை. இருந்தாலும் சித்தி மகனிடம் வாங்காதே என்றுதான் சொல்லியிருக்கிறேன். வேறு மாடல் பார்க்கக் கடைக்குப் போனால், டிவியைத் திருப்பிக் காட்டச் சொல்லி, ஏ.ஆர்.சி. என்று எழுதிய சாக்கெட் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதைப் பார்த்துவிட்டு விலை பேசட்டும்.