ஏழு ஆண்டுகளாக ஒரே பண்ணையின் மாட்டிறைச்சி

2018ஆம் ஆண்டிலிருந்து நாங்கள் கடையில் மாட்டிறைச்சி வாங்குவதில்லை. ஆஸ்டினுக்கு மேற்கே, டெக்சஸ் மலைநாட்டில், ஒரு குடும்பம் தலைமுறைகளாக நடத்திவரும் பண்ணையில் ஆண்டுக்கு ஒருமுறை கால் மாடு, அதாவது ஒரு மாட்டின் கால் பங்கு இறைச்சி, வாங்குகிறோம். எல்லாம் ஆங்கஸ் என்ற இறைச்சி மாட்டினத்தின் கலப்பு. தாய்ப்பால் மறந்த நாள் முதல் புல்லும் உலர்புல்லும்தான் தீவனம். ஹார்மோன் ஊசி கிடையாது. தானியம் தின்று சீக்கிரம் கொழுக்கும் மாடுகளைப் போல அல்லாமல், இவை இரண்டு வயது தாண்டிய பிறகே இறைச்சிக்குப் போகின்றன.

அதுவரை கடைப் பொட்டலத்தில் 'நேச்சுரல்' என்று அச்சிட்டிருந்ததை நம்பித்தான் வாங்கினேன். செயற்கைப் பொருள் சேர்க்காத, அதிகம் பதப்படுத்தாத இறைச்சி என்பதுதான் அமெரிக்க வேளாண்துறை அந்தச் சொல்லுக்குக் கொடுக்கும் பொருள். மாடு எங்கே நின்றது, என்ன தின்றது என்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. இது தெரிந்தபோது எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. மறுவாரமே பண்ணைக்குப் போய், வேலியோரம் நின்று மாடுகளைப் பார்த்துவிட்டு வந்தேன்.

முதல் பொட்டலத்தைப் பிரித்தபோது ஊரிலிருந்து அம்மா வந்திருந்தார். கறியின் ஓரத்தில் கொழுப்பு வெண்ணெய் நிறத்தில் மஞ்சளாக இருந்தது. கெட்டுவிட்டதோ என்று நான் தயங்கினேன். அம்மா விரலால் தேய்த்துப் பார்த்து, "இது புல் மேய்ந்த மாடு, மக்களே" என்றார். பச்சைப் புல்லில் உள்ள பீட்டா கரோட்டின்தான் கொழுப்பில் அந்த நிறமாகத் தங்குகிறது. அன்று தேங்காய்ச்சில்லும் கறிவேப்பிலையும் போட்டு, மிளகு தூக்கலாக ஒரு வறுவல் செய்தார். கன்னியாகுமரி மாவட்டத்தில் எங்கள் வீட்டு அடுப்பிலிருந்து வந்த அதே வாசனை. நாலு பேருக்கென்று வைத்த சோறு போதவில்லை.

தடித்த துண்டாகச் சுடும் ஸ்டேக் மட்டும் எனக்கு முதலில் கைவரவில்லை. கொழுப்பு குறைந்த கறி சீக்கிரம் வெந்துவிடும். கொஞ்சம் அசந்தால் தோலாகிவிடும். வழக்கத்தைவிட முன்னதாகவே அடுப்பிலிருந்து இறக்கி, பத்து நிமிடம் மூடிவைக்கக் கற்றுக்கொண்டேன். காலெலும்பு அப்படி அல்ல. சிறு தீயில் மூன்று மணி நேரம் கிடந்தால்தான் நல்லி கரண்டியில் வழுக்கி விழும். இந்தக் கறியின் முழுச் சுவையும் அங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

தோல், தலை, குடல் நீக்கித் தொங்கவிட்ட எடைக்குத்தான் பண்ணைக்குப் பணம். வெட்டுக்கூலி தனி. எலும்பும் கழிவும் போக எங்களுக்குச் சுமார் 100 பவுண்டு (45 கிலோ) கறி கிடைக்கிறது. ஸ்டேக்குக்கும் கொத்துக்கறிக்கும் ஒரே விலை விழுவதால் முதலில் கணக்கு உதைக்கும். ஆண்டு முடிவில் சரியாகிவிடும். வெட்டும் முறையைக் கேட்டு வரும் படிவத்தை மட்டும் காலியாக விடாதீர்கள். இரண்டாம் ஆண்டு நான் விட்டேன். வெட்டுக்கூடத்தில் நெஞ்சுக்கறி உட்படப் பாதியைக் கொத்துக்கறியாக அரைத்துக் கட்டிவிட்டார்கள். எலும்பு ஒன்றுகூட வரவில்லை.

2021 பிப்ரவரி பனிப்புயலில் மின்சாரம் போனபோது அந்த ஆண்டின் கறி முழுவதும் கார் கொட்டகை ஃப்ரீசரில் இருந்தது. திறக்கவே கூடாது என்று கதவின் குறுக்கே நாடா ஒட்டினேன். நிரம்பிய ஃப்ரீசர் மூடியே இருந்தால் இரண்டு நாள் தாங்கும். தாங்கியது.

விலை ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. வறட்சியில் பலர் மாடுகளை விற்றுவிட்டார்கள். 2024 ஜனவரிக் கணக்கில் அமெரிக்காவின் மொத்த மாடுகள் 8.72 கோடி, 1951க்குப் பிறகு அதுவரை இவ்வளவு குறைந்ததில்லை. இந்தக் குடும்பமும் மந்தையைக் குறைத்தது. ஆனால் மேய்ச்சலை விட்டுத் தானியத்துக்கு மாறவில்லை. அதற்காகக் கூடுதலாகக் கொடுக்க எனக்கு மனத்தாங்கல் இல்லை.

அடுத்த கால் மாட்டுக்கு முன்பணம் கட்டியாகிவிட்டது. படிவத்தில் இந்த முறை வாலும் நாக்கும் கேட்டிருக்கிறேன்.