எடை குறையற ஊசியை வாட்ஸப்ல வாங்கிராதீங்க – எனக்கு 18,500 ரூபாய் போச்சு

கோபத்துல எழுதறேன், எழுத்துப் பிழை இருந்தாப் பொறுத்துக்கங்க. நேத்து சாயங்காலம், ஊசி வித்த அந்த வாட்ஸப் நம்பர் என்னைய பிளாக் பண்ணிருச்சு. 18,500 ரூபாய். என்ன பண்ணணும், எப்படி வாங்கணும்னு எல்லாம் கடைசியில சொல்றேன், முதல்ல நடந்ததைச் சொல்லிக்கிறேன்.

காரைக்குடியில வீட்டுலயே பலகாரம் போட்டு விக்கிறவ நான். சீப்புச் சீடை, மனகோலம், மகிழம்பூ முறுக்கு. அடுப்படியில நின்னு நின்னு முட்டி தேஞ்சு போச்சு. எடை 94 கிலோ, கூடவே சுகர். மதுரையில நான் பாக்குற சர்க்கரை டாக்டர், 2025 மார்ச்சுலதான் நம்ம நாட்டுக்கு வந்துச்சுன்னு, சுகரும் எடையும் குறையறதுக்கு டிர்செபடைட்ங்கிற ஊசியை எழுதிக் குடுத்தாக. வாரத்துக்கு ஒண்ணு. சீட்டை எடுத்துக்கிட்டு மெடிக்கலுக்குப் போனா, அப்ப 2.5 மில்லிகிராம் பாட்டில் ஒண்ணு 3,500. நாலு வாரம் போட்டுட்டு 5 மில்லிகிராமுக்கு ஏத்தணும், அது 4,375. மூணு மாசத்துக்கு 49,000 ரூபாய். கடையிலயே உக்காந்துட்டேன்.

வருஷா வருஷம் தவறாம இன்ஷூரன்ஸ் கட்டுறோமேன்னு ஏஜென்ட்டுக்குப் போன் போட்டேன். "ஆச்சி, அட்மிட் ஆனாத்தான் நம்ம பாலிசி. இரைப்பையைச் சுருக்குற ஆபரேஷன்னா பி.எம்.ஐ. – உசரத்துக்கு எடை எவ்வளவுன்னு பாக்குற கணக்கு – 40 இருக்கணும், சுகர் மாதிரி நோவு இருந்தா 35 போதும், அதுக்குக் கேட்டுப் பாக்கலாம். வீட்டுல போட்டுக்கிற ஊசிக்கு ஒத்தப் பைசா வராது"ன்னாரு. ஆபரேஷன்னா லட்சக்கணக்குல குடுப்பாங்களாம், அந்த ஆபரேஷனே வேண்டாம்னு போடுற ஊசிக்குக் கிடையாதாம். என்ன நியாயமோ.

அன்னிக்கு ராத்திரி செல்லைத் தடவிக்கிட்டு இருந்தப்பதான் அந்த விளம்பரம். ஆன்லைன் எடைக் குறைப்பு கிளினிக்காம். அதே மருந்து, 12 வாரத்துக்கு 18,500. நம்பரைத் தட்டுன அஞ்சாவது நிமிஷம் ஒரு பொண்ணு கூப்பிட்டுச்சு. "ஆச்சி, சாப்டீகளா?"ன்னு கேட்டுச்சு. அங்கதான் விழுந்தேன். நம்ம ஊர்ப் புள்ளைன்னு நெனச்சுட்டேன். என் வாட்ஸப் படத்துலயே 'ஆச்சி பலகாரம்'னு கொட்டை எழுத்துல போட்டு வச்சிருக்கேன்னு பத்து நாள் கழிச்சுத்தான் புத்தியில உறைச்சுச்சு.

அடுத்து வீடியோவுல ஒரு டாக்டர் வந்தாரு. கழுத்துல ஸ்டெதாஸ்கோப், பின்னாடி சரஸ்வதி படம். "குடும்பத்துல யாருக்காச்சும் தைராய்டு கேன்சர் இருந்துச்சா? கணையத்துல வீக்கம் வந்திருக்கா?"ன்னு கேட்டாரு. மதுரை டாக்டர் கேட்ட அதே கேள்விங்க! அதுக்கு மேல சந்தேகப்பட எனக்கு என்ன இருக்கு? 49,000 எப்படி 18,500 ஆச்சுன்னு மட்டும் கேட்டேன். "நாங்க கம்பெனியிலேருந்து நேரா எடுக்கிறோம், கடைக்காரர் லாபம் இல்லை"ன்னாரு. சீயக்காயை மில்லுல நேரா வாங்கினா விலை குறையுதே, அது மாதிரின்னு என் மனசே எனக்குச் சமாதானம் சொல்லிருச்சு. ஜி-பேல அனுப்பிட்டேன். முழுசா.

ஐஸ் பெட்டியில மறுநாள் காலையில வந்துரும்னாக. வந்தது நாலாம் நாள், கத்திரி வெயில்ல, மத்தியானம் ரெண்டு மணிக்கு. தெர்மாகோல் பெட்டியைப் பிரிச்சா உள்ள இருந்த ஜெல் பை வடிச்ச கஞ்சி மாதிரி வெதுவெதுன்னு கிடக்கு. அடியில சுண்டுவிரல் உசரத்துக்குப் பன்னெண்டு குப்பி, உள்ள வெள்ளைப் பொடி. கலக்கிக்கிறதுக்குத் தனியா ஒரு தண்ணி பாட்டில். மருந்துப் பேரு போட்ட ஸ்டிக்கர் ஓரத்துல தூக்கிக்கிட்டு இருந்துச்சு, நகத்தால கிள்ளுனேன். அடியில இன்னொரு ஸ்டிக்கர். ஆராய்ச்சிக்கு மட்டும், மனுசருக்கு இல்லைன்னு இங்கிலீஷ்ல.

பெட்டியோட செக்காலை ரோட்டு மெடிக்கலுக்கு ஓடுனேன். அந்தத் தம்பி பேசவே இல்லை. ஃப்ரிட்ஜைத் திறந்து நெசமான பாட்டிலை எடுத்து என் குப்பிக்குப் பக்கத்துல வச்சுச்சு. அதுல இருக்கிறது பொடி இல்லை, தண்ணி மாதிரித் தெளிவான மருந்து, கலக்குற வேலையே கிடையாது. பேட்ச் நம்பர், விலை, காலாவதித் தேதி எல்லாம் அச்சடிச்சிருக்கு. "ரெண்டுலேருந்து எட்டு டிகிரிக்குள்ள வைக்கிற சாமான் ஆச்சி. வெளியில வச்சாலும் 30 டிகிரி தாண்டக் கூடாது. நம்ம ஊரு மே மாசத்துல பார்சல்ல வருமா இது? இதைக் குத்திராதீக."

அந்த கிளினிக்குக்குப் போன் போட்டா, "டாக்டர் ரவுண்ட்ஸ்ல இருக்காரு." மறுநாள், "பொடியாத்தான் ஏற்றுமதிக்கு வரும், பயப்படாதீக." அதுக்கு மறுநாள், "பெட்டியைப் பிரிச்சுட்டீங்கள்ல, ரிட்டர்ன் கிடையாது." பிரிக்காம உள்ள என்ன இருக்குன்னு எப்படிப்பா தெரியும்? ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்து அனுப்புனேன். ஒரு கட்டைவிரல் பொம்மை வந்துச்சு. அவ்வளவுதான். 18,500 ரூபாய்க்கு ஒரு கட்டைவிரல். 'ஆச்சி' எப்பவோ 'மேடம்' ஆயிட்டேன், நேத்தோட அதுவும் இல்லை.

பேங்க்ல, "நீங்களா பின் நம்பர் போட்டு அனுப்புன காசும்மா"ன்னு கையை விரிச்சுட்டாக. ஆன்லைன் மோசடிக்குப் புகார் சொல்ற 1930-க்கு அடிச்சேன். பணம் போன உடனே அடிச்சிருந்தா ஏமாத்துனவுக கணக்கை நிறுத்தப் பாத்திருக்கலாமாம், நான் பத்தாம் நாள் அடிச்சிருக்கேன். புகாரை மட்டும் எழுதிக்கிட்டாக.

எங்க வீட்டுல அவுக திட்டல. திட்டியிருந்தாலாவது தேவலை. முறுக்குல கிலோவுக்குச் செலவு போக எனக்கு நிக்கிறது 90 ரூபாய். 18,500-க்கு 205 கிலோவுக்கு மேல பிழியணும். இதே முட்டியை வச்சுக்கிட்டு.

சரி, சொல்றேன்னு சொன்னதைச் சொல்லிடறேன். டாக்டர் சீட்டு பாத்துத்தான் இந்த மருந்தைக் குடுக்கணும், சீட்டு கேக்காதவன்கிட்ட வாங்காதீக. வீடியோவுல வர்ற டாக்டர்கிட்ட முதல்ல பதிவு நம்பரைக் கேளுங்க, அந்த வீடியோ டாக்டர்கிட்டேருந்து எனக்கு வந்த சீட்டுல அது இல்லவே இல்லை. பேட்ச் நம்பரோட பில் வாங்குங்க. பொடியா வந்தாத் தொடாதீக. காசு போச்சுன்னு தெரிஞ்ச நிமிஷமே 1930. நுகர்வோர் புகாருக்கு 1915. சிவகங்கையில மருந்து ஆய்வாளர்கிட்டயும் எழுதிக் குடுக்கணும்னு மெடிக்கல் தம்பி சொல்லுச்சு, திங்கக்கிழமை போறேன். அதுக்காகத்தான் பன்னெண்டு குப்பியையும் தூக்கிப் போடாம வெண்ணெய் டப்பாவுக்குப் பின்னாடி வச்சிருக்கேன்.

இன்னும் இருக்கு, ஆனா அடுப்புல எண்ணெய் காஞ்சிருச்சு, நாப்பது கிலோ ஆர்டர் நாளைக்கு.