.457 ஏர் ரைஃபிளுக்கு ஸ்லக்: வாங்குவதா, வார்ப்பதா?

ஏர்ஃபோர்ஸ் நிறுவனத்தின் டெக்சன் .457 (அழுத்திய காற்றால் சுடும் ரைஃபிள்; .457 என்பது அங்குலத்தில் அதன் விட்ட அளவு) கைக்கு வந்த புதிதில் கடை ஸ்லக்தான், அதாவது கடையில் வாங்கும் ஈயத் தோட்டாதான், போட்டேன். இப்போது வீட்டில் ஈயத்தை உருக்கி வார்த்தவைதான். ஆகவே இந்த அலசல் ஒரு பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

கடை ஸ்லக்கின் வசதி தெரிந்ததே. டப்பாவைத் திறந்தோமா, சுட்டோமா என்று வேலை முடியும், விலைதான் கடிக்கும். .22, .25 போன்ற சிறிய அளவு என்றால் யோசிக்கவே வேண்டாம், வாங்கிவிடுங்கள்.

பெரிய கேலிபரில், அதாவது குழல் பெரிதானால், எல்லாமே ஸ்லக்கின் விட்டத்தில்தான் இருக்கிறது. வெடிமருந்து ரைஃபிளில் அழுத்தம் பல்லாயிரம் பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற கணக்கு). அந்த உதையில் ஈயத் தோட்டாவின் அடிப்பகுதி விரிந்து குழலின் வரிப்பள்ளங்களை (தோட்டாவைச் சுழலவைக்கும் திருகுப் பள்ளங்கள்) அடைத்துக்கொள்ளும். ஏர் ரைஃபிளில் காற்றுத் தொட்டியில் நிரப்புவதே 3,000 பிஎஸ்ஐ அளவில்தான். விரிவதை நம்ப முடியாது. உள்ளே போகும்போதே ஸ்லக் சரியான அளவில் இருக்க வேண்டும். தொளதொள என்றிருந்தால் காற்று பக்கவாட்டில் கசியும், குறி சிதறும். இறுக்கம் அதிகமானால் விரலால் தள்ளி ஏற்றவே முடியாது.

குழலில் லேசாக எண்ணெய் தடவி, ஒரு மென்மையான ஈயத்துண்டைக் கம்பியால் தள்ளி வெளியே எடுத்து மைக்ரோமீட்டரில் அளந்தேன். குழலின் உள்ளளவு 0.458 அங்குலம். கடை ஸ்லக் 0.457. வார்க்கும்போது கொஞ்சம் பெரிதாக எடுத்து, அளவு டையில் (சரியான விட்டத்தில் துளையிட்ட கருவி) அழுத்தி, என் குழலுக்கு என்ன வேண்டுமோ அதற்குக் கொண்டுவரலாம். ஒன்றைக் கவனியுங்கள்: பல அச்சுகள் ஆன்டிமணி என்ற உலோகம் கலந்த கடின ஈயத்தை மனதில் வைத்துக் குடையப்பட்டவை. நாம் ஊற்றும் மென்மையான சுத்த ஈயம் ஆறும்போது கூடுதலாகச் சுருங்கும், ஸ்லக் சிறுத்துவிடும். அச்சு ஆர்டர் செய்யும்போதே சுத்த ஈயத்துக்கு என்று சொல்லிவிடுங்கள்.

ஈயத்துக்குக் கூரையில் பதிக்கும் ஈயத் தகடு நல்லது. நகத்தால் கீறினால் கோடு விழும். டயர் எடைக்கட்டி (சக்கரத்தைச் சமன்செய்யப் பொருத்துவது) கடினம், போதாக்குறைக்குத் துத்தநாகமும் கலந்து வரும். ஈயம் 327 டிகிரி செல்சியஸில் உருகும், துத்தநாகத்துக்கு 419 வேண்டும். 380-ஐத் தாண்டாமல் வைத்தால் துத்தநாகக் கட்டிகள் மேலே மிதக்கும், வழித்து எறியலாம். அச்சு சூடேறும்வரை வரும் ஸ்லக்கெல்லாம் சுருக்கம் விழுந்திருக்கும், திரும்பப் பானைக்கே.

உருகிய ஈயத்தில் ஒரு சொட்டு ஈரம் பட்டாலும் வெடித்துச் சிதறும். புகை, தூசி வேறு. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் வார்ப்பு வேண்டாம், கடைக்கே போங்கள்.

நான் பெரும்பாலும் 100 கஜத்துக்குள் சுடுபவன். அதைத் தாண்டினால் கடை ஸ்லக்கின் சீரான எடை கைகொடுக்கலாம்.