சொந்த மின்சூளையா, கூலிச் சூளையா, விறகுச் சூளையா? வடசென்னையில் வீட்டிலிருந்து மண்பாண்டம் செய்பவர்களுக்கு

வீட்டிலேயே மண்பாண்டம் செய்து விற்கலாம் என்று கிளம்புகிறவர்கள் முதலில் விசாரிப்பது சக்கரத்தைத்தான். சக்கரம் ஒரு பிரச்சினையே இல்லை. சின்ன மோட்டாரில் ஓடும் சக்கரம் ஹால் மூலையில் அடங்கிவிடும், சத்தமும் அதிகம் வராது. சக்கரமே இல்லாமல் கையால் செய்து நன்றாக விற்பவர்களும் இருக்கிறார்கள். லாபமும் நட்டமும் தீர்மானமாவது சூளையில். தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி மாதிரிப் பகுதிகளில் நம் வீட்டுச் சுவர்தான் பல இடங்களில் பக்கத்து வீட்டுக்கும் சுவர். அங்கே 1,200 டிகிரி வெப்பத்தை எங்கே வைப்பது என்பதுதான் கேள்வி.

வழி மூன்று. சொந்தமாக மின்சூளை வாங்கலாம். சூளை வைத்திருக்கும் ஸ்டுடியோவில் கூலி கொடுத்துச் சுட்டு வாங்கலாம். விறகுச் சூளை வைக்கும் குயவரிடம் கொடுக்கலாம். கேஸ் சூளை என்று நான்காவது ஒன்றும் உண்டு, ஆனால் வீட்டுக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். வீட்டு சிலிண்டரைத் தொழிலுக்குப் பயன்படுத்தக் கூடாது, வணிக சிலிண்டர்களை வரிசையாக அடுக்க நம் வீடுகளில் இடமும் இல்லை. காற்று குறைவாக விட்டு எரித்தால் கார்பன் மோனாக்சைடு வரும். குழந்தைகள் தூங்கும் வீட்டில் அந்த ஆபத்தே வேண்டாம்.

எந்தச் சூளை என்பதற்கு முன்னால், என்ன விற்கப் போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள். பாதிக் குழப்பம் அதிலேயே தீர்ந்துவிடும்.

விறகுச் சூளையை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதைப் பழசு என்று ஒதுக்குவது அநியாயம். திறந்த சூளையில் பெரும்பாலும் 700 முதல் 900 டிகிரிக்குள்தான் வெப்பம் ஏறும். அந்தச் சூட்டில் வெந்த மண்ணில் நுண்ணிய துளைகள் நிறைய மிச்சம் இருக்கும். பானைத் தண்ணீர் குளிர்வது அந்தத் துளைகளால்தான்: நீர் கசிந்து வெளிப்புறத்தில் ஆவியாகும்போது உள்ளே இருக்கும் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. மீன் குழம்புச் சட்டிக்கும் இதே கதைதான். காசிமேட்டில் வாங்கிய வஞ்சிரத்தை அடுப்பில் கொதிக்கவைக்கும் சட்டி, நேரடித் தீயைத் தாங்க வேண்டும். மணல் கலந்து, குறைந்த சூட்டில் வெந்த மண் அதைத் தாங்கும். வெப்பத்தில் விரியும்போது உண்டாகும் கீறல் ஓடிப் பெரிதாகாமல் துளைகளிலேயே நின்றுவிடும். ஸ்டோன்வேர் என்கிற, அதிகச் சூட்டில் இறுகி வெந்த மண்ணால் ஆன கிண்ணத்தை அடுப்பில் வைத்தால் பட்டென்று விட்டுப்போக வாய்ப்பு அதிகம். ஆகவே சமையல் சட்டி, தண்ணீர்ப் பானை, அகல் என்றால் விறகுச் சூளைக்கு இணை இல்லை. மண்பானைக்கும் அகலுக்கும் ஜிஎஸ்டி கிடையாது என்பது கூடுதல் வசதி.

ஆனால் அதை வீட்டு மாடியில் செய்ய முடியாது. புகை ஒரு பக்கம், தீப்பொறி ஒரு பக்கம். கொசப்பேட்டை போன்ற இடங்களில் தலைமுறைகளாக மண் வேலை செய்யும் குடும்பங்கள் இருக்கின்றன. சுடுவதற்கு யாரை அணுகலாம் என்று அங்கே கேட்டுப் பாருங்கள். பருவம் பார்த்துப் போக வேண்டும். விநாயகர் சதுர்த்தி, கொலு, கார்த்திகை என்று அடுத்தடுத்து வரும் மாதங்களில் போய் நின்றால் அவர்களுக்கு நம்மோடு பேசவே நேரம் இருக்காது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். சட்டியும் பானையும் அவர்கள் கைவந்த பொருள்கள். அதையே நாமும் செய்து, அலங்காரமாகப் பொட்டலம் கட்டி, மூன்று மடங்கு விலைக்கு விற்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. அவர்களிடம் வாங்கி, அவர்கள் கேட்கும் விலையைக் கொடுத்து விற்பது நேர்மையான வியாபாரம்.

அடுத்தது கூலிச் சூளை. தொடங்குகிறவர்களுக்கு இதுதான் சரி என்று எல்லோரும் சொல்வார்கள். பாதி உண்மை. முதலீடு இல்லை, கரண்ட் பில் பயம் இல்லை, வாடகை வீட்டுக்காரரிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை. செடித்தொட்டி, சுவர் அலங்காரம், மணி, சுடுமண் நகை இவற்றுக்கு இதுவே போதும். மண் சிவந்து வெந்தால் சரி, 30 டிகிரி கூடக் குறைய இருந்தாலும் பொருள் கெட்டுப்போகாது.

சிக்கல் வழியில் இருக்கிறது. சுடாத பச்சைப் பாண்டம் காய்ந்த பிறகு பிஸ்கட் போல நொறுங்கும். கோப்பையைக் கைப்பிடியில் பிடித்துத் தூக்கினாலே பிடி கையோடு வந்துவிடும். அதைப் பெட்டியில் வைத்து, கன்டெய்னர் லாரிகள் குழியாக்கிய எண்ணூர் நெடுஞ்சாலையில் ஷேர் ஆட்டோவில் கொண்டுபோக வேண்டும். பத்தில் ஒன்று உடைந்தால்கூட லாபம் அங்கேயே போய்விடும். அதனால் கூலிக்குச் சுடுவதென்றால், எவ்வளவு பேர்பெற்ற ஸ்டுடியோ என்று பார்க்காதீர்கள், எவ்வளவு பக்கம் என்று பாருங்கள். பெரம்பூரில் இருப்பவர் அடையாறு வரை பச்சைப் பாண்டத்தோடு போவது வீண் வேலை.

இன்னும் பெரிய சிக்கல், சாப்பாட்டுப் பாத்திரங்களில் வருகிறது. ஸ்டோன்வேர் மண் முழுதாக இறுக 1,200 டிகிரிக்கு மேல் வேண்டும்; ஸ்டுடியோக்காரர்கள் சூளைச் சூட்டைக் குறிக்கும் அளவில் கோன் 6 என்று சொல்வது ஏறக்குறைய 1,222 டிகிரி. அடுத்தவர் சூளையில் நம் பொருள் சூளைக்குள் எந்த அடுக்குத் தட்டில் இருந்தது, அந்த மூலையில் வெப்பம் எவ்வளவு ஏறியது என்பது நமக்குத் தெரியாது. அப்படிக் கூலிக்குக் கொடுத்து வாங்கிய என் கோப்பைகள் சில, பார்க்கப் பளபளவென்று இருந்தன. டீ ஊற்றி மேசையில் வைத்துக் கொஞ்ச நேரம் கழித்து எடுத்தால் அடியில் ஈர வட்டம். மண் வேகவில்லை என்று அர்த்தம்.

இதைச் சோதிக்கச் சமையலறைத் தராசு போதும். கிளேஸ், அதாவது கண்ணாடி போன்ற மேல்பூச்சு, பூசாத ஒரு துண்டை உங்கள் கோப்பைகள் இருக்கும் அதே அடுக்குத் தட்டில் வைத்துச் சுடச் சொல்லுங்கள். வந்ததும் எடை போடுங்கள். இரண்டு மணி நேரம் தண்ணீரில் கொதிக்கவிட்டு, அதிலேயே இரவு முழுக்க ஊறவிட்டு, துடைத்து மறுபடி எடை போடுங்கள். 200 கிராம் துண்டு 204 ஆனால் 2 விழுக்காடு நீர் உறிஞ்சியிருக்கிறது, பரவாயில்லை. 212 ஆனால் அந்தக் கோப்பைகளை விற்காதீர்கள். கிளேஸுக்கு எலுமிச்சைத் துண்டு: ஓர் இரவு அதன் மேல் வைத்து, காலையில் நிறம் மங்கியிருந்தால் அமிலத்துக்குக் கரைகிறது. நாம் புளியும் ஊறுகாயும் சாப்பிடுகிறவர்கள். ஈயம் கலந்த கிளேஸை எந்த விலைக்குக் கிடைத்தாலும் தொடக் கூடாது.

அதனால்தான் தட்டு, கோப்பை, கிண்ணம் விற்க நினைப்பவர்களுக்குச் சொந்த மின்சூளை வேண்டும் என்கிறேன். 1971-இல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் புதுச்சேரியில் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி என்ற மண்பாண்டப் பட்டறையும் அதில் பழகியவர்களும் நம் பக்கத்தில் ஸ்டோன்வேருக்கு ஒரு தரத்தை நிறுவியிருக்கிறார்கள். கைவேலைக் கோப்பைக்குக் கூடுதல் விலை கொடுப்பவர் அந்தத் தரத்தைத்தான் எதிர்பார்ப்பார்.

செலவைப் பார்ப்போம். 100 லிட்டர் அளவுள்ள சூளை சுமார் 8 கிலோவாட் இழுக்கும். ஒற்றை ஃபேஸில் அது 35 ஆம்பியர். பழைய வீட்டு ஒயரிங் தாங்காது. மூன்று ஃபேஸ் இணைப்பும், தனி பிரேக்கரும், நல்ல எர்த்தும் கட்டாயம். கிளேஸ் பூசும் முன் சுடும் முதல் சூட்டுக்கும், பூசிய பின் சுடும் கிளேஸ் சூட்டுக்கும் சேர்த்து 100 யூனிட் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். யூனிட் 10 ரூபாய் என்று போட்டாலும் 1,000 ரூபாய். 40 கோப்பை அடுக்கினால் கோப்பைக்கு 25 ரூபாய். கூலிச் சூளையில் கேட்பதோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். ஆனால் வீட்டு மீட்டரில் இதை ஓட்டாதீர்கள். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் முந்தைய யூனிட்டுகளின் விலையும் ஏறிவிடும். தவிர, வீட்டு இணைப்பில் தொழில் நடத்துவது விதிமீறல். குடிசைத் தொழில், குறுந்தொழில்களுக்குத் தனிக் கட்டண வகை இருக்கிறது, அதற்கு விண்ணப்பியுங்கள்.

சொந்தச் சூளையின் இன்னொரு நன்மை மழைக்காலத்தில் தெரியும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை கடலோரக் காற்றில் மண் காயவே காயாது. மேலே வெளுத்திருக்கும், உள்ளே ஈரம் இருக்கும். 100 டிகிரியில் அந்த ஈரம் ஆவியாகி வெடித்தால், பக்கத்தில் இருக்கும் பொருளும் போகும். நம் சூளையென்றால் 80, 90 டிகிரியில் மணிக்கணக்காக நிறுத்தி உலரவிடலாம். கூலிச் சூளையில் உங்களுக்காக யார் காத்திருப்பார்கள்? அதே போல 573 டிகிரியில் மண்ணில் உள்ள குவார்ட்ஸ் என்ற கனிமம் சட்டென்று விரியும். ஏறும்போதும் இறங்கும்போதும் அங்கே மெதுவாகப் போக வேண்டும். பெரிய தட்டு செய்பவர்களுக்கு இந்தக் கட்டுப்பாடு உயிர்.

வாடகை வீடு என்றால் சூளை வாங்கும் முன் வீட்டுக்காரரிடம் பேசிவிடுங்கள். மாடியில் ஷீட் கூரை போட்ட, காற்றோட்டமான இடம் நல்லது, ஆனால் சாரல் படக் கூடாது. பணத்துக்கு, தமிழக அரசு 2025-இல் தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டத்தைக் கேட்டுப் பாருங்கள். 35 வயது நிரம்பியவர்களுக்கு 3 லட்சம் ரூபாய் வரை கடனும், 25 விழுக்காடு, அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியமும் தருவதாக அறிவித்த திட்டம் அது. மண்பாண்டமும் அதில் ஒரு தொழில். மாவட்டத் தொழில் மையத்தில் விவரம் கிடைக்கும். மனு எழுதும்போது சூளையின் விலையை மட்டும் போடாமல், மூன்று ஃபேஸ் இணைப்பு, ஒயரிங், சூளைக்குள் அடுக்கும் தட்டுகள், தேய்ந்தால் மாற்ற ஒரு செட் எலிமென்ட் (சூடாக்கும் கம்பி) எல்லாவற்றையும் சேர்த்து எழுதுங்கள்.