ஜன்னல் கைப்பிடி மாற்ற வந்தவர் பழைய பித்தளையையும் கொண்டுபோன கதை: ஓர் எச்சரிக்கை

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலும் அதைச் சுற்றியும், குறிப்பாகச் சாட்ஸ்வொர்த் போன்ற பகுதிகளில், இரும்புச் சட்டம் போட்ட பழைய ஜன்னல்கள் இன்னும் இருக்கும் வீடுகளில் வசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். தொகை பெரியதன்று. ஆனால் நான் ஏமாந்த விதம் எவரும் எளிதில் ஏமாறக்கூடியது என்பதால், என் முட்டாள்தனத்தையும் மறைக்காமல் நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன்.

சென்ற ஆண்டு புரட்டாசி விரதம் தொடங்குவதற்கு முன்பு வீட்டைக் கழுவித் துடைத்துக்கொண்டிருந்தபோது, சமையலறை ஜன்னலின் கைப்பிடி பிடிமானம் இல்லாமல் ஆடுவதைக் கவனித்தேன். அது உடைந்துவிடவில்லை. திருப்பினால் மூடும், கையை எடுத்ததும் மெல்லச் சரிந்து மறுபடி திறந்துகொள்ளும். காற்று அடிக்கும் இரவுகளில் ஜன்னல் சட்டத்தில் மோதிக்கொண்டே இருந்ததால், என் தகப்பனார் இந்த வீட்டுக்குக் குடிவந்த 1960களின் கடைசியிலிருந்து தேய்ந்துவரும் கைப்பிடிக்கு ஓய்வு கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். கடிதப் பெட்டியில் கிடந்த ஒரு துண்டுச் சீட்டில் சில்லறை வேலைகள் செய்வதாகப் போட்டிருந்த எண்ணை அழைத்தேன். "கைப்பிடி ஒன்று நூற்றைம்பது ராண்ட்தான் ஆன்ட்டி, பெரிய வேலையே இல்லை" என்றார் பேசியவர். அதை எழுத்தில் கேட்டு வாங்காததுதான் நான் செய்த முதல் தவறு.

சனிக்கிழமை காலையில் தம் பக்கியில், அதாவது பின்புறம் திறந்த சிறு சரக்கு வண்டியில், ஒரு பையனோடு வந்தார். சமையலறைக் கைப்பிடியை ஒரு நிமிடம்கூட முழுதாகப் பார்க்கவில்லை. நான் அழைக்காமலேயே கூடத்துக்கும் படுக்கையறைகளுக்கும் சென்று, ஒவ்வொரு ஜன்னல் கைப்பிடியையும் பிடித்து ஆட்டிப் பார்த்துவிட்டு, இவை யாவும் இப்போது எங்கும் செய்யப்படாத பழைய மாதிரி என்றும், ஒன்றை மாற்றினால் மற்றவை வரிசையாக விழும் என்றும், ஜன்னல் சரியாகப் பூட்டாத வீட்டைத் திருடர்கள் தெருவிலிருந்தே கண்டுகொள்வார்கள் என்றும் அடுக்கிக்கொண்டே போனார். தனியாக வாழும் பெண்ணிடம் கடைசி வாக்கியத்தைச் சொன்னால் போதும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. ஐந்து கைப்பிடிகளையும் மாற்றச் சம்மதித்தேன். கழிப்பறையின் சிறிய ஜன்னல் மட்டும் தப்பியது. அதுவும் அவர் கையில் ஐந்துதான் இருந்தன என்பதால்.

புதிய கைப்பிடிகள் பளபளவென்று மஞ்சளாக இருந்தன. "பித்தளைதானா?" என்று கேட்டேன். உடனே சட்டைப் பையிலிருந்து ஒரு சிறு காந்தத்தை எடுத்து அதன்மேல் வைத்துக் காட்டினார். காந்தம் ஒட்டாமல் வழுக்கி விழுந்தது. "பார்த்தீர்களா ஆன்ட்டி, அசல் பித்தளை!" எனக்கு வாய் அடைத்துப்போயிற்று. இந்தக் காந்த வித்தையைத்தான் முக்கியமாக எச்சரிக்க விரும்புகிறேன். காந்தம் இரும்பை மட்டுமே காட்டிக்கொடுக்கும். மலிவான கைப்பிடிகள் பெரும்பாலும் துத்தநாகக் கலவையை அச்சில் வார்த்து மேலே மஞ்சள் முலாம் பூசியவை. துத்தநாகத்திலும் காந்தம் ஒட்டாது, பித்தளையிலும் ஒட்டாது. இரண்டையும் பிரித்தறிய, கண்ணுக்குத் தெரியாத அடிப்பக்கத்தில் அரத்தால் ஓர் இழுப்பு இழுத்துப் பார்த்தாலே போதும். பித்தளை உள்ளேயும் மஞ்சளாக இருக்கும், துத்தநாகம் சாம்பல் நிறம் காட்டும். கையில் தூக்கிப் பார்த்தாலும், அதே அளவுள்ள பித்தளை கூடுதலாகக் கனக்கும். இவையெல்லாம் பின்னால் எதிர்வீட்டு அண்ணன் சொல்லித் தெரிந்துகொண்டவை. துறைமுகத்தில் கப்பல் பழுதுபார்க்கும் பட்டறையில் பல வருடங்கள் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். முதலிலேயே அவரைக் கூப்பிடாமல் துண்டுச் சீட்டைக் கூப்பிட்டேனே என்று இன்றும் என்னைக் கடிந்துகொள்கிறார்.

பழைய கைப்பிடிகள் சட்டத்தோடு ரிவெட் அடித்துப் பொருத்தப்பட்டவை. அவற்றை எடுக்க ரிவெட்டின் தலையை டிரில்லால் துளைக்க வேண்டும்; அதன் பிறகு துளையின் உட்புறத்தில் திருகு ஏறுவதற்கான மரை வெட்டி, அதற்கேற்ற மரைத்திருகு போட்டு முடுக்க வேண்டும். வந்தவர் துளைத்ததோடு சரி, மரை வெட்டவில்லை. தகரத்தில் அடிக்கும் கூர்முனைத் திருகுகளை, அவையும் சாதாரண இரும்புத் திருகுகள், அந்த ஓட்டைகளில் வைத்து அழுத்தித் திருகினார். டிரில்லிலிருந்து கொட்டிய இரும்புத் தூளைக்கூடக் கூட்டி எடுக்கவில்லை. இரண்டு மழைக்குள் ஜன்னல் திண்டில் அந்தத் தூள் துருப்பிடித்துப் புள்ளி புள்ளியாகக் கறை படிந்துவிட்டது. முக்கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது.

பிறகு ரசீது வந்தது. கைப்பிடி ஒன்று 280 ராண்ட் வீதம் ஐந்துக்கு 1,400, கூலி 600, வீட்டுக்கு வந்து பார்த்ததற்கு 350, ஆக மொத்தம் 2,350. அதன்மேல் 15 சதவீத வரி 352.50, முடிவில் 2,702.50 ராண்ட். தொலைபேசியில் சொன்ன நூற்றைம்பது என்னவாயிற்று என்று கேட்டதற்கு, "அது அலுமினிய ஜன்னலுக்கு" என்றார். பக்கத்தில் பையன் பெட்டியைக் கட்டிக்கொண்டு நிற்கிறான், எனக்கோ விரதச் சமையல் பாத்திரங்கள் கழுவப்படாமல் கிடக்கின்றன. வாக்குவாதம் வேண்டாம் என்று பணத்தை நோட்டுகளாக எண்ணிக் கொடுத்தேன். ரசீதில் இருந்தவை ஒரு பெயரும் கைபேசி எண்ணும் மட்டுமே. முகவரி கிடையாது, வரிப் பதிவு எண்ணும் கிடையாது. மதிப்புக் கூட்டு வரி வசூலிக்கும் எவரும் அதற்குப் பதிவு பெற்றிருக்க வேண்டும். அந்தப் பதிவு எண் 4 என்ற இலக்கத்தில் தொடங்கும் பத்து இலக்க எண். அது ரசீதில் இல்லாமல் 15 சதவீதம் கேட்டால், அந்தப் பணம் அரசுக்குப் போகும் என்று எண்ண வேண்டாம்.

அவர் கிளம்பிய பிறகுதான், கழற்றிய பழைய கைப்பிடிகள் ஐந்தும் வீட்டில் இல்லை என்பதைக் கவனித்தேன். "குப்பையை நானே எடுத்துப் போகிறேன் ஆன்ட்டி, உங்களுக்கு ஏன் சிரமம்" என்று அவர் சொன்னதும், நான் நன்றி சொன்னதும் நினைவுக்கு வந்தன. குப்பையாம்! ஐந்தும் கனமான வார்ப்புப் பித்தளை. பழைய உலோகக் கடையில் எடைக்கு எடை காசு கிடைக்கும். பழைய வீட்டுச் சாமான் விற்கும் இடங்களில் அதைவிடக் கூடுதலாகவே கிடைக்கும். நாம் கூலி கொடுத்து, நம் வீட்டுப் பித்தளையையும் கூடவே அனுப்பிவைத்திருக்கிறோம். நான்கு ஜன்னல்களில் எந்தப் பழுதும் இல்லாத கைப்பிடிகளை அவர் ஏன் அவ்வளவு அக்கறையாகக் கழற்றினார் என்பது அப்போதுதான் விளங்கியது.

ஏழு வாரம் கழித்து, அக்டோபர் கடைசியில் ஒரு மாலை தெற்குக் காற்று மழையோடு திரும்பியது. சமையலறை ஜன்னலை மூடுவதற்காக, திருடர் நுழையாமலிருக்கப் போட்ட திருட்டுக் கம்பிகளுக்கு நடுவே விரல்களை நுழைத்துக் கைப்பிடியைத் திருப்பினேன். பாதியில் ஒடிந்து என் உள்ளங்கையில் வந்துவிட்டது. முறிந்த இடம் சர்க்கரைக்கட்டியை உடைத்ததுபோல் சொரசொரப்பாக, சாம்பல் நிறத்தில் இருந்தது. மஞ்சள் என்பது நகத்தின் கனம்கூட இல்லாத மேற்பூச்சு. அன்றிரவு கைக்குட்டையால் ஜன்னலைக் கம்பியோடு கட்டிவிட்டுப் படுத்தேன்.

மறுநாள் அண்ணன் வந்து பார்த்துவிட்டு, ஒடிந்ததற்கு இன்னொரு காரணத்தையும் காட்டினார். இந்த ஜன்னல்களின் கைப்பிடிகளில் இடப்பக்கத்தது வேறு, வலப்பக்கத்தது வேறு. கீல் எந்தப் பக்கம் இருக்கிறதோ அதற்கு ஏற்றதை வாங்க வேண்டும். அந்த மனிதர் ஐந்து ஜன்னலுக்கும் ஒரே பக்கத்துக் கைப்பிடியைத்தான் மாட்டியிருந்தார். அதனால் சமையலறையில் கைப்பிடி முழுவதும் திரும்புவதற்கு முன்பே திருட்டுக் கம்பியில் இடித்து நின்றிருக்கிறது. அதை இறுகப் பூட்டுவதற்காக நான் தினமும் பலம் கொடுத்துத் திருப்பியிருக்கிறேன். தரமான பித்தளையாக இருந்தால் சற்று வளைந்தாவது எச்சரித்திருக்கும். துத்தநாக வார்ப்பு வளைந்து கொடுக்காது, ஒடிந்துவிடும்.

அதைவிட வயிற்றெரிச்சலான செய்தி அடுத்தது. கைப்பிடியைத் திருப்பும்போது அதன் நாக்கு சட்டத்திலுள்ள ஒரு சிறு தகட்டின்மேல் ஏறி இறுகும். வருடக்கணக்காக உரசி உரசி அந்தத் தகடும் நாக்கும் தேயும்போது இறுக்கம் போய்விடுகிறது. கைப்பிடி சுழலும் ஆணியும் தளர்ந்துவிட்டால் அது தானாகவே கீழே சரியும். "ஆணியை ஒரு தட்டுத் தட்டி, தகட்டுக்கு அடியில் மெல்லிய பித்தளைத் துண்டு ஒன்றைச் செருகியிருந்தால் இன்னும் இருபது வருடம் ஓடியிருக்கும், தங்கச்சி" என்றார். அதைச் செய்தும் காட்டினார். கழிப்பறை ஜன்னலில் தப்பிப் பிழைத்திருந்த பழைய கைப்பிடி, தற்செயலாகச் சமையலறைக்கு வேண்டிய பக்கத்தது. அதைக் கழற்றி, துளைகளில் முறையாக மரை வெட்டி, பித்தளைத் திருகு போட்டுச் சமையலறையில் மாட்டினார். பித்தளையோடு இரும்புத் திருகு சேர்ந்தால், கடற்காற்றின் ஈரத்தில் இரும்புதான் முதலில் அரிக்கும். எனவே திருகையும் கேட்டு வாங்குங்கள் என்றார்.

சட்டம் என் பக்கம் இருந்தது என்பதை அதற்குப் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். இந்நாட்டின் 2008ஆம் ஆண்டு 68ஆம் எண் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 67ஆம் பிரிவின்படி, பழுதுபார்க்க வருபவர் கழற்றிய பாகங்களைத் தனியே வைத்திருந்து, நாம் வேண்டாம் என்று சொன்னாலொழிய, சுத்தமான ஒரு பையிலோ பெட்டியிலோ போட்டு நம்மிடம் திருப்பித் தர வேண்டும். என் நன்றியை அவர் "வேண்டாம்" என்று எடுத்துக்கொண்டதாகச் சாதிக்கலாம். ஆகவே கதவைத் திறக்கும்போதே "பழைய பாகங்கள் எனக்கு வேண்டும்" என்று சொல்லிவிடுங்கள். 57ஆம் பிரிவு, புதிதாகப் பொருத்திய பாகத்துக்கும் அதைப் பொருத்திய வேலைக்கும் குறைந்தது மூன்று மாத உத்தரவாதம் தருகிறது. என் கைப்பிடி ஏழாவது வாரத்தில் ஒடிந்தது. 15ஆம் பிரிவின்படி, வேலை தொடங்குமுன் நாம் மதிப்பீடு கேட்டிருந்தால், நம் ஒப்புதல் இல்லாமல் அதற்கு மேல் வசூலிக்க முடியாது. வீட்டுக்கே வந்து செய்யும் வேலையில் அந்த மதிப்பீட்டை நாம்தான் கேட்க வேண்டும் என்பதைக் கவனியுங்கள். 26ஆம் பிரிவோ ரசீதில் விற்பவரின் முழுப் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும் என்கிறது.

அந்த முகவரியில்தான் எல்லாமே சிக்கிக்கொண்டது. சிறு உரிமைக் கோரிக்கை நீதிமன்றத்துக்கு வழக்கறிஞர் தேவையில்லை. அதன் வரம்பு 2019 ஏப்ரலில் 20,000 ராண்டாக உயர்த்தப்பட்டதால் என்னுடைய 2,702.50 அங்கே தாராளமாக அடங்கும். ஆனால் முதலில் எதிராளிக்குப் பதினான்கு நாள் அவகாசம் கொடுத்துக் கோரிக்கைக் கடிதம் சேர்ப்பிக்க வேண்டும். பிறகு அழைப்பாணை சேர்ப்பிக்க வேண்டும். எங்கே சேர்ப்பிப்பது? கைபேசிக்கு அனுப்பிய செய்திகளை அவர் படித்ததற்கான நீலக் குறிகள் மட்டும் வந்தன. இரண்டாவது வாரத்தில் அதுவும் நின்றுவிட்டது.

நவம்பரில், நான்கு தெரு தள்ளி ஒரு வீட்டு வாசலில் அதே பக்கி நிற்பதை அண்ணன் பார்த்துவிட்டு என்னையும் அழைத்துக்கொண்டு போனார். ஒடிந்த கைப்பிடியை நான் அந்த வீட்டு அம்மாவின் கையிலேயே கொடுத்தேன். அவர் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, தம் கூடத்தில் பாதி துளைத்திருந்த வேலையை அப்படியே நிறுத்தச் சொன்னார். வந்தவர் அந்த இடத்திலேயே கூலி 600 ராண்டை என்னிடம் எடுத்துக் கொடுத்தார். பழைய கைப்பிடிகளை மறுநாள் கொண்டுவந்து தருவதாகவும் வாக்குக் கொடுத்தார். மறுநாள் வரவில்லை, இதுவரையும் வரவில்லை. அங்கேயே அவருடைய அடையாள அட்டை விவரங்களைக் கேட்டு எழுதி வாங்கியிருக்க வேண்டும். பணம் கைக்கு வந்த நிம்மதியில் அதையும் மறந்துவிட்டேன். வண்டியின் பதிவு எண் மட்டும் அண்ணனிடம் இருக்கிறது.

இப்போது கழிப்பறை ஜன்னல் செப்புக் கம்பியால் கட்டப்பட்டிருக்கிறது. மற்ற நான்கு ஜன்னல்களில் அந்த மஞ்சள் கைப்பிடிகளே இருக்கின்றன. இரண்டில் பூச்சு கொப்பளித்து வெள்ளையாகப் பொரிந்துவிட்டது. பழைய கட்டடச் சாமான் விற்கும் இடங்களில் தேடிவருகிறோம். என் தகப்பனார் ஒருமுறை சட்டங்களுக்குப் பச்சைப் பெயின்ட் அடித்தபோது கைப்பிடிகளின் அடியிலும் கோடாகப் பட்டுவிட்டது. எத்தனை தேய்த்தும் அது போகவில்லை. அடிப்பக்கம் பச்சைக் கோடுள்ள ஐந்து பித்தளைக் கைப்பிடிகளை டர்பன் பக்கம் எந்தக் கடையிலாவது யாராவது பார்த்தால், விலை என்னவென்று கேட்டு எனக்குத் தெரிவியுங்கள்.