சர்வேயா, கேஸ் ஸ்டடியா? ஒரு பி.பி. திட்டத்தை மதிப்பிடப் போன அனுபவம்

ஒரு சிறிய டிரஸ்ட் மூன்று வட்டாரங்களில் நடத்திவந்த ரத்த அழுத்தத் திட்டத்தை மதிப்பிட்டுத் தரும்படி எங்களிடம் கேட்டார்கள். ஊருக்கு ஒரு பெண் தன்னார்வலர். மாதம் ஒருமுறை வீடுவீடாகப் போய் பி.பி. பார்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். அதிகமாக இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பி மாத்திரை வாங்க வைக்க வேண்டும். சொல்லும்போது இவ்வளவுதான். நடக்கும்போது தன்னார்வலர், நர்ஸ், மருந்தாளுநர், மாமியாருக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கும் மருமகள், காலை பஸ் என்று எல்லாம் கூடிவந்தால்தான் வண்டி நகரும்.

எங்களுக்கு மூன்று வழிகள் இருந்தன. சீட்டுக் குலுக்கி ஊர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மட்டும் திட்டத்தைக் கொடுத்துப் பார்ப்பது. ஆயிரம் வீடுகளில் சர்வே எடுத்து, திட்டம் இல்லாத ஊர்களோடு ஒப்பிடுவது. அல்லது வட்டாரத்துக்கு ஓர் ஊராக மூன்றை எடுத்துக்கொண்டு, ஆட்களோடு பேசி, கூட நடந்து, பதிவேட்டைப் புரட்டி உள்ளே இறங்கும் கேஸ் ஸ்டடி. நாங்கள் எடுத்தது கடைசி வழி. மறுபடி கேட்டாலும் அதையேதான் எடுப்பேன், ஒரு திருத்தத்தோடு.

குலுக்கல் எங்களுக்கு வாய்க்கவே இல்லை. திட்டம் எல்லா ஊரிலும் தொடங்கி எட்டு மாதம் ஆன பிறகு எதைக் குலுக்குவது? அப்படியொரு சோதனையை நான் நடத்தியதும் இல்லை, அதனால் அதைக் குறை சொல்ல எனக்கு வாய் கிடையாது. படித்ததில் மனதில் நின்றது ஒன்று உண்டு. புகைப்பழக்கத்தைக் குறைக்க அமெரிக்காவிலும் கனடாவிலும் 11 ஜோடி ஊர்களில் நடந்த 'கமிட்' சோதனை. ஜோடியில் ஓர் ஊரில் மட்டும் பல ஆண்டு வேலை செய்தார்கள். கடைசியில் பார்த்தால், நாளுக்கு 25 சிகரெட்டோ அதற்கு மேலோ பிடிப்பவர்கள் பழக்கத்தை விட்டதில் இரண்டு ஊருக்கும் வித்தியாசம் இல்லை. கேள்விக்கு இடமில்லாத முடிவு. ஆனால் ஏன் பலிக்கவில்லை என்பதை அந்த எண்ணைப் பார்த்து மட்டும் தெரிந்துகொள்ள முடியாது.

சர்வேயை அவ்வளவு எளிதாகத் தள்ளிவிட முடியாது. தமிழ்நாட்டில் 2020இல் நடந்த ஸ்டெப்ஸ் என்ற, தொற்றா நோய்கள் பற்றிய கணக்கெடுப்பின்படி, ரத்த அழுத்தம் உள்ளவர்களில் 7.3 சதவீதம் பேருக்குத்தான் அது கட்டுக்குள் இருந்தது. 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் வீடுதேடிப் போய் பி.பி., சர்க்கரை பார்க்கும் அரசுத் திட்டமான 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியபோது அதன் முன் கிடந்த பள்ளம் எவ்வளவு ஆழம் என்று இந்த ஓர் எண்ணிலேயே தெரிகிறது. எத்தனை கேஸ் ஸ்டடி எழுதினாலும் இப்படி ஓர் எண் கிடைக்காது.

ஒப்பீட்டு ஊர் என்பதுதான் இடிக்கும் இடம். பின்லாந்தின் வடக்குக் கரேலியாவில் 1972இல் இதயநோய்த் தடுப்புத் திட்டம் தொடங்கியபோது, பக்கத்து மாகாணமான குவோபியோவை ஒப்பீட்டுக்கு வைத்தார்கள். கொஞ்ச காலத்தில் அங்கேயும் இதயநோய்ச் சாவுகள் இறங்கத் தொடங்கின. நல்ல சேதிக்கு வேலி போட முடியுமா? மாகாணத்துக்கே அந்தக் கதி என்றால், ஒரே சந்தைக்கும் ஒரே கோயில் திருவிழாவுக்கும் போய்வரும் எங்கள் ஊர்களை எப்படிப் பிரித்து வைப்பது?

இதெல்லாம் இருந்தாலும், எங்களைக் கேஸ் ஸ்டடி பக்கம் சாய்த்தது வேறொன்று. அதில் நடுவழியில் கேள்வியை மாற்றிக்கொள்ளலாம். சர்வே படிவம் அச்சாகி, கணக்கெடுப்பவர்களுக்குப் பயிற்சியும் முடிந்துவிட்டால் அவ்வளவுதான். பத்தாவது வீட்டில் புதிதாக ஒன்று கண்ணில் பட்டாலும், ஆயிரமாவது வீடு வரை பழைய கேள்வியையே கேட்டாக வேண்டும். கேட்காவிட்டால் கணக்கு கெட்டுவிடும்.

எங்களுக்கு அது கண்ணில் பட்டது இரண்டாவது ஊரில். மூன்றில் அந்த ஊரின் பதிவேடுதான் அழகு, ஒரு கட்டம்கூடக் காலி இல்லை. புரட்டிக்கொண்டே வந்தபோது எங்களில் ஒருவர் நிறுத்தினார். நான்காவது மாதத்திலிருந்து எல்லாமே 130/80, 140/90, 120/80. கொடுத்திருந்தது தானியங்கி மெஷின். அது 137 காட்டும், 83 காட்டும். இரண்டு எண்ணும் பூஜ்யத்தில் முடிவது நூற்றில் ஒருமுறை நடந்தால் உண்டு. பக்கம் முழுக்கப் பூஜ்யம் என்றால்?

தன்னார்வலர் ஏமாற்றுகிறார் என்றுதான் முதலில் தோன்றியது. அதோடு விட்டிருந்தால் அறிக்கையில் 'கண்காணிப்பு போதவில்லை' என்று எழுதிவிட்டு வந்திருப்போம். மறுநாள் அவரோடு வீடுகளுக்கு நடந்தோம். மெஷின் பையிலேயே இருந்தது. மூன்றாவது வீட்டுத் திண்ணையில் அவரே ஆரம்பித்தார்: "நாலு செல்லு போடணும் சார். ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா என் காசுலயா போடுறது?" தொடக்கத்தில் மெஷினோடு வந்த செல்கள் தீர்ந்த பிறகு, மாற்றுவதற்குத் திட்டத்தில் ஒரு ரூபாய்கூட ஒதுக்கவில்லை.

அன்று இரவே கேள்விப் பட்டியலில் 'செல்லுக்கு யார் காசு?' என்று சேர்த்தோம். முதல் ஊருக்குத் திரும்பிப் போய்க் கேட்டோம். அங்கே எண்கள் கலந்துகட்டி இருந்தன. நர்ஸ் தன் அறைக்கு வாங்கும் செல்களில் நான்கை எடுத்துக் கொடுத்துவிடுவாராம். மூன்றாவது ஊரில் ஐந்தாவது மாதம் பூஜ்யம் தொடங்கி எட்டாவதில் நின்றிருந்தது. விசாரித்தால், தன்னார்வலரின் மகன் லீவில் வந்தபோது செல் வாங்கிப் போட்டிருக்கிறான். சோம்பல்தான் காரணம் என்றால் எட்டாவது மாதத்தில் பூஜ்யம் நின்றிருக்காது. பதிவேடு, மெஷின், தன்னார்வலர், வீட்டுக்காரர் நான்கும் ஒரே பக்கம் கைகாட்டிய பிறகுதான் அதை அறிக்கையில் எழுதினோம்.

ஆனால் கேள்வியை மாற்றும் இந்தச் சுதந்திரம் ஆபத்தும்தான். நமக்குப் பிடித்த பதில் வரும்வரை மாற்றிக்கொண்டே போகலாம். இதற்கு நாங்கள் வைத்துக்கொண்ட கடிவாளம் ஒரு நோட்டு. ஒவ்வொரு ஊருக்குள் போகும் முன்பும் என்ன எதிர்பார்க்கிறோம், அது பொய்யானால் என்ன தெரியும் என்று தேதி போட்டு எழுதிவிடுவோம். இதை எல்லா நாளும் ஒழுங்காகச் செய்தோம் என்று சத்தியம் செய்ய மாட்டேன்.

ஊர்த் தேர்விலும் சண்டை வந்தது. டிரஸ்ட் கொடுத்த பட்டியலில் மூன்றுமே 'நல்லா நடக்குற' ஊர்கள். ஒன்றாவது தடுமாறும் ஊராக இருக்க வேண்டும் என்று வம்படியாக நின்று வாங்கினோம். (ஆண்டறிக்கையில் ஒரு பயனாளியின் போட்டோவைப் போட்டு, பக்கத்தில் அரைப் பக்கம் நெகிழ்ச்சிக் கதை எழுதி அதற்குக் 'கேஸ் ஸ்டடி' என்று பெயர் வைக்கும் வழக்கம் நம்மிடம் இருக்கிறதே, அந்தப் பாவம்தான் எங்கள் தலையிலும் விடிந்தது.) இன்னொரு சங்கடம், அறிக்கையில் ஊர்ப் பெயரை மறைத்தாலும் ஊருக்கு ஒரே தன்னார்வலர் என்பதால் யார் என்று டிரஸ்டில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். எந்த ஊரில் நடந்தது என்றே அடையாளம் தெரியாதபடி பூஜ்யம் பற்றிய பகுதியைக் கலைத்து எழுதினோம். சர்வேயில் இந்தச் சங்கடம் கிடையாது.

கடைசிக் கூட்டத்தில் நிதி கொடுத்தவர் ஒரே கேள்விதான் கேட்டார்: "மொத்தத்துல எத்தனை பேருக்கு பி.பி. குறைஞ்சிருக்கு?" எங்களிடம் பதில் இல்லை. பதிவேட்டை நம்ப முடியாது என்று கண்டுபிடித்ததே நாங்கள், பிறகு அதிலிருந்து எந்த எண்ணை எடுத்துக் கொடுப்பது?

திருத்தம் என்று சொன்னது இதைத்தான். இரண்டாம் கட்டம் நான்காவது வட்டாரத்தில் தொடங்குகிறது. தன்னார்வலர்கள் களமிறங்கும் முன்பே முந்நூறு வீடுகளில் நாங்களே பி.பி. அளந்து வைத்திருக்கிறோம், ஒன்றரை வருடம் கழித்து அதே வீடுகளுக்குத் திரும்பப் போவோம். இடைப்பட்ட காலத்துக்குப் பழையபடி கேஸ் ஸ்டடிதான். டிரஸ்டின் புது பட்ஜெட்டில் செல்லுக்கு என்று தனியாக ஒரு வரி வந்திருக்கிறது.